பவர் பிரஸ்ஸுக்குப் பொட்டு வைத்தவள்

எங்கள் வீட்டுக்காரருக்குச் சிங்காநல்லூரில் ஒரு சின்னப் பட்டறை. தண்ணீர் மோட்டாருக்கு வேண்டிய வாஷர் அடித்துக் கொடுக்கிற வேலை. தகரக் கூரைக்குக் கீழே ஒரு லேத், ஒரு துளை போடுகிற மெஷின், நடுவில் பவர் பிரஸ். மற்ற இரண்டும் அதற்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்பதுபோல இருக்கும். ஆள் உயரத்துக்கு மேலே இன்னும் ஒரு முழம் இருக்கும் அது. பக்கவாட்டில் மாட்டு வண்டிச் சக்கரம்போல ஓர் இரும்புச் சக்கரம் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும். காலால் பெடலை மிதித்தால் மேலே இருக்கிற இரும்புத் தலை ஒரே ஒரு தடவை இறங்கித் தகட்டை வெட்டிவிட்டு, மேலே போய் நின்றுகொள்ளும். மறுபடி மிதித்தால்தான் மறுபடி இறங்கும். அதை நம்பித்தான் அதன் வாய்க்குள் கையை விட்டுத் தகட்டைத் தள்ளி வைப்பார்கள். தள்ளி வைப்பது எங்கள் வீட்டுக்காரர். வலது கை.

மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போன வருஷம் அந்த மெஷின் வந்தது. வந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பொட்டு வைத்தது நான்தான். காலையிலேயே தலைக்குத் தண்ணி வார்த்துக்கொண்டு, சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், இரண்டு முழம் பூ, சூடம் எல்லாம் கூடையில் எடுத்துக்கொண்டு போவேன். அவர் மெயின் சுவிட்சை அணைப்பார். சக்கரம் உடனே நிற்காது. கனம் அதிகம், மெதுவாகத்தான் ஓய்ந்து நிற்கும். நின்றதும், பனியன் கம்பெனியில் கழித்துப் போடுகிற துணி வேஸ்ட்டால் நான் துடைக்க ஆரம்பிப்பேன். ஒரு வாரத்து எண்ணெயும் இரும்புத் தூளும் பிசின்போல ஒட்டியிருக்கும். சந்து சந்தாகத் துடைப்பேன். சக்கரத்துக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங் உண்டு. அதன் சுருளுக்குள் அழுக்கு கட்டி நிற்கும், அதை ஊசியால் கிளறி எடுப்பேன். அது எதற்கு இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. சாமிக்கு எண்ணெய்க் காப்புச் சாத்தும்போது காது மடலுக்குப் பின்னாலும்தான் தேய்க்கிறோம். அது எதற்கு என்று கேட்டுக்கொண்டா தேய்க்கிறோம்?

வாரத்தில் அந்த மெஷின் ஓய்ந்து நிற்பதும், அதன் மேல் ஒரு கை படுவதும் அந்த அரை மணி நேரம்தான். அப்போது எனக்கு இது உறைக்கவில்லை.

கிணத்துக்கடவில் என் பிறந்த வீட்டில், எங்கய்யன் தோட்டத்தில் ஒரு கருப்பராயன் உண்டு. வேப்ப மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். எங்கய்யன் சின்ன வயசில் அது வரப்பில் சும்மா கிடந்த கல்தானாம். மாடு ஒன்று காணாமல் போன சமயத்தில் யாரோ அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி மஞ்சள் பூசி வேண்டிக்கொண்டார்கள். மாடு திரும்பி வந்துவிட்டது. அன்றிலிருந்து அது கருப்பராயன். அந்தப் பக்கம் செருப்போடு யாரும் போவதில்லை. தண்ணீர் ஊற்றிக் கூப்பிட்டால் கல்லுக்குள் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நான் நிஜமாகவே நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். பவர் பிரஸ்ஸுக்குள்ளும் அப்படி ஒன்று வந்து உட்கார்ந்து அவர் கையைக் காக்கட்டும் என்றுதான் அத்தனை வெள்ளிக்கிழமையும் போனேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மகள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வந்த அன்றைக்கே அதற்கும் பொட்டு வைத்துவிட்டேன். காலேஜிலிருந்து வந்தவள் கத்தினாள்.

"ஏனுங்கம்மா, தெரைக்கு நட்டநடுவுல குங்குமம் வெச்சா நான் எப்படிப் பாக்கறதுங்க?"

"பொட்டுன்னா நெத்தியிலதான வெக்கோணும் கண்ணு. இதுக்கு நெத்தி எங்கன்னு நீயே காட்டு."

"இதுக்கு நெத்தியே இல்லைங்கம்மா. மூஞ்சி மட்டுந்தான்."

மேல் சட்டத்தில் ஓர் ஓரத்தைக் காட்டினாள். அங்கே வைத்தேன். அவள் அப்பா சோற்றுத் தட்டோடு வந்து பார்த்துவிட்டு, "உங்கம்மாளுக்கு ஒரு பிளக்கும் ஒயரும் இருந்தாப் போதும் அம்மணி. நாளைக்கு மிக்ஸிக்குக் கெடா வெட்டச் சொல்லுவா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அந்த ஆனி மாசத்தில் எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை.

ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், கூடப் படிக்கிற பெண்ணிடமிருந்து மகள் ஒரு சிடி வாங்கி வந்தாள். அதில் ஒரு விளையாட்டு. பெயர் என் நாக்கில் நிற்கவில்லை. சனி ஞாயிறு மத்தியானம், சாப்பாடு முடிந்து அவர் படுத்த பிறகு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அதை ஓட்டுவாள். தனியாக ஓட்ட அவளுக்குப் பயம். "சித்த பக்கத்துல உக்காருங்கம்மா, சும்மா உக்காந்தாப் போதும்" என்பாள். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு உட்காருவேன். வெளியே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னை மட்டைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே திரையில் ஓர் ஆள் கையில் விளக்கோடு இருட்டான கட்டடத்தில் அறை அறையாகப் போவான். ஒவ்வோர் அறையிலும் ஒரு காகிதம் கிடக்கும். எல்லாம் இங்கிலீஷ். மகள் படித்துப் படித்து எனக்குத் தமிழில் சொல்வாள்.

"ஒரு ஊருங்கம்மா. மலைக்குள்ளாற சொரங்கம். உள்ளுக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். அதை எறைக்கறதுக்கு ஒரு மெஷினு வெச்சிருக்காங்க."

"நம்ம மோட்டாராட்டவா?"

"நம்ம மோட்டாரு ஒரு ஆயிரத்தை ஒன்னா அடுக்கி வெச்ச மாதிரிங்க. அது நின்னுதுன்னா அத்தனை பேரும் முழுகிப் போயிருவாங்க."

ஊரே முறை வைத்து அதற்கு எண்ணெய் ஊற்றியதாம். எண்ணெய் ஊற்றுகிற ஒரு பெண் எழுதி வைத்த காகிதங்கள்தான் வழியெல்லாம் கிடந்தவை. அவள் புருஷனுக்குச் சுரங்கத்தின் அடி மட்டத்தில் வேலை. மெஷின் நின்றால் முதலில் முழுகுகிறவன் அவன்தான். அதனால் தன் முறை வரும்போதெல்லாம் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் துடைப்பாள், கூடுதலாக எண்ணெய் விடுவாள். கேட்கக் கேட்க எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அரிசி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

அடுத்த காகிதத்தில், ஒரு நாள் அவள் அதன் முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைத்து, என் புருஷனைக் காப்பாற்று என்று கும்பிட்டுவிட்டாள்.

மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதுவரைக்கும் அதுக்கு ஒன்னுந் தெரியாதாமுங்கம்மா. தண்ணி மட்டுந்தான் தெரியும். இவ வெளக்கு வெச்ச அன்னிக்குத்தான், ஓ, இங்க ஆளுக இருக்காங்களான்னு அதுக்குத் தெரிஞ்சுதாம்."

"தெரிஞ்சு?"

"கேக்க ஆரம்பிச்சிருச்சு. மொதல்ல தலைமுடி கேட்டுது. அப்பறம் கொழந்தைகளோட பல்லு. அப்பறம் கை."

நான் என் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டேன்.

அந்த விளையாட்டில் அதன் பூசாரிகள் நடமாடுவார்கள். இரண்டு கையையும் கூப்பி வைத்து, பிரிக்க முடியாதபடி நடுவில் போல்ட்டுப் போட்டு முடுக்கியிருக்கும். அவர்கள் வருவதற்கு முன்னால் தூரத்தில் சத்தம் கேட்கும். டொக்... டொக்... என்று ஒரே சீராக. தெருவில் நின்று கேட்டால் எங்கள் பட்டறைச் சத்தம் அப்படித்தான் இருக்கும். அவர்கள் வரும்போது விளக்கோடு போகிற ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டுமாம், குனியவே கூடாதாம்.

"குனிஞ்சா?" என்றேன்.

"பாருங்க" என்று ஒரு பட்டனைத் தட்டினாள்.

அந்த ஆள் மண்டி போட்டான். சுவரில் சுற்றிக்கொண்டிருந்த பெரிய சக்கரம் ஒன்று தயங்கியது. யாரோ திரும்பிப் பார்ப்பதுபோலத் தயங்கியது. மேலேயிருந்து ஓர் இரும்புத் தலை ஒரே ஒரு தடவை இறங்கிவிட்டு மேலே போய் நின்றுகொண்டது. திரை முழுக்கச் சிவப்பு.

மகள் பயந்து போய், பயந்ததற்காகவே கெக்கெக்கென்று சிரித்தாள். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முறத்தில் இருந்த அரிசி பாதி தரையில் கிடந்தது.

"அந்தப் பொம்பளைக்கு என்னாச்சு கண்ணு?"

"கடைசிக் காயிதம் இன்னுங் கெடைக்கலைங்க. கடைசி ரூமுல இருக்குமாட்ட."

விளையாட்டு என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் எழுதினவன் யாரோ, எந்தத் தேசமோ, அவனுக்கும் நான் நம்புகிற விஷயம் தெரிந்திருக்கிறதே என்பதுதான் என்னை உலுக்கியது. கும்பிட்டுக் கூப்பிட்டால் ஒன்று வந்து உட்காரும். வந்து உட்காருவது கருப்பராயன்தான் என்று நான் எப்படி நிச்சயமாக நினைத்தேன்? தண்ணீர் ஊற்றிய கல்லுக்குக் கருப்பராயன் என்று பெயர் இருந்தது. இரும்புக்கு நான் எந்தப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாமி, சாமி என்று மட்டும் சொல்லி, யார் வேண்டுமானாலும் வரலாம் என்கிறபடி பதினோரு வருஷம் கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

அடுத்த வெள்ளி ஆடி முதல் வெள்ளி. வழக்கம்போலக் கூடையோடு போனேன். லேத் ஓட்டுகிற அண்ணன் இன்னும் வந்திருக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் மெயினை அணைத்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ கூப்பிட, "நீ ஆரம்பி புள்ள, வாரேன்" என்று வெளியே போய்விட்டார்.

நானும் அதுவும் மட்டும். சக்கரம் ஓய்ந்துகொண்டிருந்தது. காற்றில் தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது. துடைக்க வேஸ்ட்டைக் கையில் எடுத்தேன், தொட மனம் வரவில்லை. இன்றைக்கு ஒரு நாள் துடைக்காமல், சூடத்தை மட்டும் காட்டிவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன். சக்கரம் நிற்கும் வரைக்கும்கூட நான் பொறுக்கவில்லை. அவசர அவசரமாகச் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, சூடத்தைக் கொளுத்திவிட்டுக் கை கூப்பினேன்.

டொக் என்று இறங்கியது.

பெடல் பக்கம் ஆள் இல்லை. கரண்ட் இல்லை. நான் மூன்று அடி தள்ளி நிற்கிறேன். ஒரே ஒரு தடவை இறங்கி, மேலே போய் நின்றுகொண்டது. மெஷினடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் அதிர்வில் உருண்டு என் காலடிக்கு வந்தது. சக்கரம் இன்னும் அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கியது.

கூப்பிய கையை என்னால் பிரிக்க முடியவில்லை. அந்தப் பூசாரிகளின் போல்ட்டுதான் நினைவுக்கு வந்தது. அவர் உள்ளே வந்து, "ஆச்சா?" என்றார். "ஆச்சுங்க" என்றேன். கூடையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். அது எனக்கும் அதற்கும் நடுவில் நடந்த விஷயம் என்று நினைத்துவிட்டேன். அது என்னைப் பார்த்துவிட்டது. சொன்னால் அவரையும் பார்த்துவிடும். நான் போகாமல் இருந்தால் மெல்ல மெல்ல மறந்துவிடும். என் புத்திக்கு அன்று எட்டியது இவ்வளவுதான்.

இரண்டாம் வெள்ளி தீட்டு என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் வெள்ளி பொள்ளாச்சியில் ஒறம்பரையான சின்னம்மா வீட்டில் விசேஷம் என்று முதல் பஸ்ஸில் போய்விட்டேன். அந்த வீட்டில் அன்று ஒரு விசேஷமும் இல்லை. திடீரென்று போய் நின்றதைப் பார்த்து என் சின்னம்மா, "ஊட்டுல ஏதாச்சும் சண்டையா அம்மணி?" என்று காதோடு கேட்டார். "உங்களைப் பாக்கோணும்னு இருந்துதுங்க" என்றேன். வரும் வழியில் மாரியம்மன் கோயிலில் இறங்கி, ஆடி வெள்ளிக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே, "ஆத்தா, நான் கூப்பிட்டது உன்னை. வேற ஆராவது வந்திருந்தா அவிங்களை அனுப்பிப்போடு" என்று வேண்டிக்கொண்டேன்.

நான் போகாத வாரம் அவரே பொட்டு வைத்தார். அவர் வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். சக்கரம் சுற்றச் சுற்றவே நெற்றிப் பக்கம் ஒரு விரல் குங்குமத்தை இழுத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்துவிடுவார். துடைப்பது, கிளறுவது எல்லாம் கிடையாது. "ஏம்புள்ள, ஆடி வெள்ளிக்குக்கூட நீ வரலீன்னா சாமி என்னைத்தான் கோவிச்சுக்கும்" என்று சாப்பிடும்போது சொன்னார். சும்மா கேலிதான். அவர் கேட்காமலேயே நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

அந்த நாட்களில் எந்தச் சத்தம் கேட்டாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து வீட்டில் உலக்கை போட்டால் எண்ணுவேன். ஒரே சீராக விழுகிறதா, நடுவில் ஓர் இடி கூடுதலாக விழுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். காலையில் அவர் கிளம்பும்போது வலது கையைப் பார்ப்பேன். சாயங்காலம் வந்ததும் முதலில் அந்தக் கையைத்தான் பார்ப்பேன். ஐந்து விரலும் இருக்கும். "என்ன, என்ர கையவே பாத்துட்டு நிக்கற? பலகாரம் ஏதும் வாங்கியாரலை" என்பார்.

மகளிடம் விளையாட்டைத் தொடர்ந்து ஆடச் சொன்னது நான்தான். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று தெரிந்தால், என் வீட்டில் என்ன ஆகும் என்று தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. "அந்தக் கடைசி ரூமுக்குப் போ கண்ணு" என்று நானே கூப்பிட்டு உட்கார வைத்தேன். "நீங்க என்னைய விட மோசமாயிட்டீங்கம்மா" என்று அவள் சிரித்தாள். எத்தனை தடவை போனாலும் அந்த அறை வாசலில் அவளை அது பிடித்துக்கொண்டது.

நான்காம் வெள்ளி. தலை வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். நிஜமாகவே வலித்தது. அவர் கூடையைத் தானே எடுத்துக்கொண்டு போனார். பதினொரு மணி இருக்கும். லேத் அண்ணன் மொபெட்டில் வந்து வாசலில் நின்றார். எஞ்சினை அணைக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"அம்மணி, பயப்படாதீங்க. கையில சித்த அடிபட்டுப்போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்குது. வாங்க, உக்காருங்க."

"எந்தக் கைங்ணா?"

அவர் வண்டியைத் திருப்பினார். அவர் சட்டையில் திட்டுத் திட்டாகச் சிவப்பு இருந்தது. அதில் எது குங்குமம், எது இரத்தம் என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆள்காட்டி விரலில் பாதியும், நடுவிரலில் ஒரு கணுவும் போயிருந்தன. தகட்டை வைத்துவிட்டுக் கையை முழுசாக எடுக்கும் முன்னால் அது பெடல் இல்லாமல் தானாக இறங்கியிருக்கிறது. தகட்டை வைக்கும்போது இருந்த இடத்தில் கை இருந்திருந்தால் மணிக்கட்டோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் கையைப் பாதி வெளியே இழுத்துவிட்டிருந்தார்.

கட்டுப் போட்டு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அழுவாத. இன்னும் எட்டு முழுசா இருக்குது" என்றார். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை பொங்கியது. அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதல் வெள்ளி. சூடம். ஆள் இல்லாமல் இறங்கினது. தீட்டு என்று சொன்ன பொய். பொள்ளாச்சி. தலைவலி. மெழுகுவத்தி வைத்த பெண். கோர்வை இல்லாமல் உளறினேன்.

அவர் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மெயின் ஆஃப் பண்ணுன பொறவா?"

"ஆமாங்க."

"சக்கரம் சுத்திட்டு இருந்துதா?"

"நிக்கப் போறாப்பல இருந்துதுங்க."

"நீ அன்னிக்குத் தொடைக்கலியா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். லேத் அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார். "போன வாரங்கூட பிரஸ்ஸுல நான் உக்காந்தப்ப ஒருக்கா ரெண்டு அடி அடிச்சுதுங்க. நான்தான் எங்காலு தெரியாமப் பட்டிருக்குமாட்டன்னு உட்டுப்போட்டேன். பின்னால இருக்கற ஸ்பிரிங்கு ஒடஞ்சு கெடக்குது. இப்பத்தான் பாத்தேன்."

தலை ஒரு தடவை இறங்கியதும் அதை மேலேயே பிடித்து நிறுத்துவது அந்த ஸ்பிரிங்தானாம். அது ஒடிந்துவிட்டால், கரண்ட் இல்லாவிட்டாலும் சக்கரம் சுற்றுகிற வரைக்கும் தலை தானாக இறங்கலாமாம். வாரா வாரம் ஊசியால் நான் கிளறிக் கிளறித் துடைத்த அதே ஸ்பிரிங். எத்தனை சுருள் என்று கேட்டால்கூடச் சொல்லியிருப்பேன். முதல் வெள்ளி அன்று துடைத்திருந்தால் என் விரலில் அந்த முறிவு பட்டிருக்கும். அடுத்த மூன்று வெள்ளியில் எந்த வெள்ளி போயிருந்தாலும் பட்டிருக்கும்.

அவர் கண்ணைத் திறந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சாமிதான்னே நெனச்சுக்க. நான் இல்லீங்கலை. அது எறங்குனதை எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல புள்ள? நான்தான அதுக்குள்ளாற கைய உடறவன்" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சை அவர் இரண்டாம் தடவை எடுத்ததில்லை. எனக்கு மட்டும் வாரத்துக்கு ஒரு முறையாவது காதில் கேட்கும்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னோம். அப்பாவின் கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விளையாட்டுக் கதையைக் கேட்டுப் பயந்துதான் நான் பட்டறைக்குப் போகாமல் இருந்தேன் என்று தெரிந்ததும் அவள் அழுத அழுகை எனக்குத் தாங்கவில்லை. "அது சும்மா கதைங்கம்மா, ஆரோ எழுதுன கதை" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். உன் பேரில் தப்பில்லை கண்ணு, கதை கேட்டவள் பேரில்தான் என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. மறுநாளே சிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கடைசிக் காகிதத்தை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. மெழுகுவத்தி வைத்தவளுக்கு என்ன ஆனது, அவள் புருஷன் தப்பித்தானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. காய் நறுக்கும்போது சில நாள் கை தானாக நின்றுவிடும், அவளை நினைத்துக்கொள்வேன்.

ஆவணியில் புது ஸ்பிரிங் போட்டார்கள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவர் கூடையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எனக்குப் பயமாருக்குதுங்க" என்றேன்.

"எனக்குந்தான். வா."

அவர் பின்னாலேயே பட்டறைக்குள் கால் வைத்தேன். தரையைக் கழுவியிருந்தார்கள். அப்படியும் மெஷினின் அடிப்பக்கத்தில் ஓரிடம் கறுப்பாக இருந்தது. எண்ணெயாக இருக்கலாம். இடது கையால் அவர் மெயினை அணைத்தார். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஒரு கையில் வேஸ்ட்டும் ஒரு கையில் ஊசியும் வைத்துக்கொண்டு, அதன் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கிறதா, இருந்தால் அது யார், எனக்குத் தெரியவில்லை. மாரியம்மனை நினைத்துக்கொண்டேன். கருப்பராயனை நினைத்துக்கொண்டேன். இந்த முறை இருவரையும் பெயர் சொல்லியே கூப்பிட்டேன்.

சக்கரம் ஆடி ஆடி அடங்குவதுபோல இருந்தது. என்னை அறியாமல் கை கூப்பப் போனது.

வெள்ளைக் கட்டுப் போட்ட கையை அவர் என் கைக்கு முன்னால் நீட்டித் தடுத்தார்.

"இரு புள்ள" என்றார். "இன்னும் நிக்கலை."